கூலன்ட் கலங்கிக் கிடக்கிறதா? கழுவும் முன் ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் 2003 மாடல் குவாலிஸ் அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டி, நன்றாக ஆறவிட்டு, மெதுவாக இறக்கி, மறுநாள் காலையில் நாமக்கல்லில் ஒரு ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தால் உள்ளே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. மழை விட்ட பிறகு செம்மண் குட்டையில் நிற்கும் தண்ணீர் மாதிரி இருந்தது.

"இதைக் கழுவி விட்டுட்டுப் புதுசு ஊத்திருங்கண்ணா" என்றேன். லாரி ரேடியேட்டர் ஒன்றுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கழுவறது எப்ப வேணாலும் கழுவலாம் தம்பி. முதல்ல ஒரு பாட்டில்ல புடிச்சு வைங்க. ராத்திரி பூரா ஆடாம நிக்கட்டும். என்ன கோளாறுன்னு அதுவே சொல்லும்."

சொன்னது அப்படியே பலித்தது. கூலன்ட் தானாக வயதாகிக் கெடுவதும் உண்டு, வேறு ஏதோ ஒரு பாகம் கெட்டு அதைக் கெடுப்பதும் உண்டு. முதல் வகைக்குக் கழுவினால் போதும். இரண்டாம் வகையில் காரணத்தைப் பார்க்காமல் கழுவி ஊற்றினால் ஒரே வாரத்தில் புதுக் கூலன்டும் பழையபடி ஆகிவிடும். அதற்குள் இன்ஜினும் இன்னும் கொஞ்சம் கெட்டிருக்கும். அதனால் கீழே உள்ளவற்றில் உங்கள் பாட்டிலில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் முதலில் படியுங்கள். கழுவும் முறை கடைசியில் இருக்கிறது.

திறக்கும் முன்

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்ற நொடியில் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். துணி போட்டு மெல்லத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே சரி. மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், குளிர்ந்து மெத்தென்று அமுங்கினால் திறக்கலாம்.

இன்னொன்று. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தெருநாய் நக்கும், ஆடு மாடு குடிக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். வாசலில் கொட்டாதீர்கள், சாக்கடையிலும் கிணற்றோரத்திலும் விடாதீர்கள். பழைய ஆயில் கேனில் பிடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி வைத்து, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள்.

பாட்டில் சோதனை

ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, ரேடியேட்டரின் அடியில் தண்ணீரை வடிக்க இருக்கும் திருகைத் (காக்) திறந்து முதலில் வரும் தண்ணீரில் முக்கால் பாட்டில் பிடியுங்கள். இன்னொரு பாட்டிலில் பக்கத்து ரிசர்வ் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுங்கள். இரண்டையும் ஆடாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். துரு அடியில் போகும், எண்ணெய் மேலே வரும், கூழ் நடுவில் தொங்கும்.

ரேடியேட்டர் பாட்டில் தெளிவாக இருந்து டப்பாத் தண்ணீர் மட்டும் அழுக்காக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. வருடக்கணக்கான தூசியும் கறையும் டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். டப்பாவைக் கழற்றிக் கொஞ்சம் அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, ஒரு அரிசி விடாமல் அலசி மாட்டினால் முடிந்தது.

செம்மண் நிறம், அடியில் பழுப்பு வண்டல்

என் பாட்டிலில் தெரிந்தது இதுதான். அடியில் இரண்டு விரல் உயரம் நைஸான பழுப்பு வண்டல், மேலே நீர்த்த டீ. எண்ணெய்ப் படலம் இல்லை. இது துரு.

பழைய வண்டிகள் பலவற்றில் இன்ஜின் பிளாக் வார்ப்பு இரும்பு. அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் துருப்பிடிக்க வைக்காமல் தடுப்பது கூலன்டில் கலந்திருக்கும் தடுப்பு மருந்துகள். அவை ஓட ஓடச் செலவாகிவிடும், கிளைக்கால் மட்டும் மிஞ்சும். அதனால்தான் அடர்த்தி பார்க்கும் மீட்டரில் சரி என்று காட்டுகிற கூலன்ட்கூட துருவைத் தடுக்காமல் போகலாம். பழைய பச்சை வகைக்குப் பொதுவாக 2 வருடம் அல்லது 40,000 கி.மீ.தான் ஆயுள். நடுவில் யாராவது வெறும் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டியிருந்தால் அதுவும் இல்லை.

துரு மட்டும்தான் என்றால் கழுவினால் சரியாகும். ஆனால் ரேடியேட்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடேறியதும் அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தைத் தொடாமல் மிக அருகில் உள்ளங்கையைக் காட்டி மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் ஓடலாம், கை பத்திரம். அனல் சீராகக் குறைந்துகொண்டே வந்தால் நல்லது. நடுவில் திட்டுத் திட்டாகச் சில்லென்று இருந்தால் அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

என்னுடையதில் கீழ்ப்பாதியில் ஒரு பெரிய திட்டு. பித்தளை ரேடியேட்டர் என்பதால் கடைக்காரர் மேல் டேங்கைச் சூடுகாட்டிப் பிரித்து எடுத்தார். உள்ளே தட்டைக் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரிந்தது. தேன்கூட்டில் சில அறைகளை மெழுகு வைத்து அடைத்தது போல, மூன்றில் ஒன்று பழுப்புப் பொருக்கால் மூடிக் கிடந்தது. மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுவிட்டு எடுத்தார். ஒவ்வொரு தடவையும் கீழே செங்கல் பொடி மாதிரி கொட்டியது. இந்த வேலை பித்தளையில்தான் நடக்கும். அலுமினியக் கோரும் (நடுவில் இருக்கும் குழாய்த் தொகுதி) பிளாஸ்டிக் டேங்கும் உள்ள ரேடியேட்டர் இந்த அளவுக்கு அடைத்திருந்தால் புதிது மாற்றுவதே மேல்.

மேலே எண்ணெய், அல்லது பால் காப்பி நிறம்

இதைப் பார்த்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கழுவவும் வேண்டாம். ஆயிலும் தண்ணீரும் எங்கோ கலக்கின்றன. முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. அடுத்தது வெடிப்பு விட்ட ஹெட். ஆயில் கூலர் உள்ள வண்டியாக இருந்தால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஹெட்டை இறக்குவதைவிட அது சின்ன வேலை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது ஓட்டையானால் கூலன்ட் ரோஸ்மில்க் மாதிரி இளஞ்சிவப்பாக நுரைத்து நிற்கும். கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்பதால் அது இன்னும் அவசரம்.

ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். குச்சியிலும் பால் நிறம் இருந்தால் தண்ணீர் ஆயிலுக்குள்ளும் போகிறது. அந்த ஆயிலில் இன்ஜினை ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்து, குச்சியும் கூலன்டும் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியில் ஈரம் அங்கே படியும். ஒருநாள் 30, 40 கி.மீ. ஓட்டினால் போய்விடும்.

பழுதைச் சரிசெய்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது தனி வேலை. வெறும் தண்ணீருக்கு அது போகாது, எண்ணெய் நீக்கும் ரேடியேட்டர் க்ளீனர் வேண்டும். சோப்புத்தூள் போட்டால் நுரை பொங்கி, அது வேறு தொல்லை. எண்ணெயில் ஊறிய ரப்பர் ஹோஸ் உப்பி மெத்தென்று ஆகிவிடும். அவற்றை மாற்றாமல் விட்டால் அடுத்த ஏற்றத்தில் ஒன்று வெடிக்கும்.

கூழ் அல்லது ஜெல்லி

இரண்டு சேராத கூலன்ட்கள் கலந்திருக்கின்றன. பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு என்று நிறம் பார்த்துச் சேர்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். நிறம் வெறும் சாயம், எந்தக் கம்பெனியும் எந்த நிறத்தையும் போடலாம். உள்ளே இருக்கும் தடுப்பு மருந்துதான் முக்கியம். பழைய ஐ.ஏ.டி. வகையில் சிலிக்கேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும், நீண்ட ஆயுள் ஓ.ஏ.டி. வகையில் கரிம அமிலங்கள் இருக்கும். இரண்டும் கலந்தால் சில சமயம் திரிந்து கூழாகும். கூழாகாவிட்டாலும் இரண்டின் ஆயுளும் குறைந்துபோகும். எந்த வகை என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். முன்பு என்ன ஊற்றியிருந்தது என்று தெரியாத பழைய வண்டியில் டாப் அப் செய்ய வேண்டி வந்தால் டிஸ்டில்ட் வாட்டர் கொஞ்சம் ஊற்றிச் சமாளித்து, முதல் வேலையாக முழுசாக மாற்றிவிடுங்கள்.

மஞ்சள் சேறு

நம் ஊர் வண்டிகளில்தான் இதைப் பார்க்கலாம். வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைப் போட்டு அடைப்பது பழைய டிரைவர்கள் கை வைத்தியம். அந்த நேரத்துக்கு வண்டி வீடு வந்து சேரும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு வந்த பிறகு ஒழுகலைப் பற்றவைத்து, தூளைக் கழுவி எடுக்காமல் விட்டால் ஓட்டையை அடைத்த மஞ்சள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைப்பான்களுக்கும் இதே கதைதான். பாட்டிலில் மஞ்சள் தெரிந்தால் எங்கோ ஒரு பழைய ஓட்டை இருக்கிறது, கழுவியதும் அது திறந்துகொள்ளும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள்.

வெள்ளைப் பொருக்கு

வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைக் கறைதான் இதுவும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் சூடு பட்டதும் கல்லாகப் படிகின்றன. ரேடியேட்டர் வாயில் தெரிவதைவிட இன்ஜினுக்குள் சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருப்பதுதான் ஆபத்து, அந்தப் படிவம் வெப்பத்தை வெளியே விடாது. போர் தண்ணீரில் குளோரைடும் சேர்ந்திருந்தால் அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கும். இதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரைத் தவிர வேறு எதையும் கலக்காதீர்கள்.

ஹோஸ் க்ளிப் ஓரத்திலோ வாட்டர் பாடிக்கு (தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்) கீழேயோ வெள்ளையாக, பச்சையாகப் பொரிந்திருந்தால் அது ஒழுகிக் காய்ந்த தடம். வாட்டர் பாடியின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் சொட்டு வந்தால் உள்ளே சீல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பேரிங்குக்குள் போய், பாடி மொத்தமாகப் பிடித்துக்கொண்டது.

கறுப்புத் துகள்கள்

விரலில் தேய்த்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி இழுபட்டால் ஹோஸின் உட்புறம் உரிகிறது. வெளியே பளபளப்பாகவே இருக்கும், க்ளிப்புக்குப் பக்கத்தில் அமுக்கினால் உள்ளே மொறுமொறுவென்று உடைவது கைக்குத் தெரியும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். கரியாகக் கையில் ஒட்டினால், அதுவும் டீசல் வண்டியில், சிலிண்டர் புகை தண்ணீருக்குள் வருகிறது. அடுத்த பத்தியைப் பாருங்கள்.

நிறம் சரி, ஆனால் குமிழி வருகிறது, தண்ணீர் குறைகிறது

ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது தங்கியிருந்த காற்று. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட். மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே, இன்ஜின் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் அதேதான். பட்டறைகளில் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு திரவம் உண்டு, எரிபுகை பட்டால் நிறம் மாறும். ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன் அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

குமிழி இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் மூடியையும் சந்தேகப்படுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்தோ தட்டையாகியோ இருந்தால் அழுத்தம் நிற்காது. ஆறியதும் டப்பாவிலிருந்து தண்ணீர் திரும்பி வரவில்லை, ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகிறது என்றால் மூடியின் நடு வால்வு ஒட்டிக்கொண்டது. மூடியில் அது தாங்கும் அழுத்தம் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும், அதே எண்ணுள்ளதை வாங்குங்கள்.

கழுவும் முறை

ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குள் நிற்கும் தண்ணீர் மாறாது. அடித் திருகைத் திறந்து வடியுங்கள். பழைய பிளாஸ்டிக் காக் திருகும்போதே உடையும், முரண்டு பிடித்தால் விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு வடி போல்ட் இருக்கும். அது வந்தால் நல்லது. பழைய வண்டியில் இறுகிப்போயிருந்தால் முறித்துவிடாதீர்கள்.

தண்ணீர் நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் நன்றாகச் சூடேறும் வரை காத்திருங்கள். அப்போதுதான் சூடு பட்டால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து பிளாக்கில் இருப்பது ரேடியேட்டருக்கு வரும். அணைத்து, ஆறவிட்டு, வடியுங்கள். ஆறவிடுவது முக்கியம், சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடலாம். தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஆறாவது தடவைதான் தெளிந்தது, இரண்டு நாள் ஆனது. இந்த நடுத் தடவைகளுக்குக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை. கடைசி இரண்டு தடவை கண்டிப்பாக டிஸ்டில்ட் வாட்டர்.

சிட்ரிக் ஆசிட் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். துருவையும் சுண்ணாம்பையும் அது கரைக்கும், உண்மைதான். ஈயப் பற்றையும் மெலிந்த அலுமினியத்தையும் சேர்த்துக் கரைக்கும். 20 வருட வண்டிக்கு நான் அதைப் போட மாட்டேன். பொறுமையாகத் தண்ணீரிலேயே கழுவுவேன்.

கழற்றிய கையோடு தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். என் வண்டியில் அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சூடேறும் வண்டிக்கு அதைக் கழற்றி வீசுவது இங்கே வழக்கமாகிவிட்டது, தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் சீக்கிரம் கெடும். சில இன்ஜின்களில் சுற்றுவழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு இன்னும் கூடும். நல்லதா என்று பார்க்க ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் வாய் திறக்க ஆரம்பிக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும்.

புதிது ஊற்றுவது

இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். 8 லிட்டர் பிடிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். வடித்தால் 5 லிட்டர்தான் வெளியே வரும், மீதி 3 லிட்டர் கழுவிய தண்ணீர் பிளாக்கிலேயே நிற்கும். அதன் மேல் கலந்து விற்கும் ரெடிமேட் கூலன்டை ஊற்றினால் பாதிக்குப் பாதி வராது, நீர்த்துப்போகும். அதனால் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியான 4 லிட்டரை முதலில் ஊற்றி, மிச்ச இடத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். எவ்வளவு வடிந்தது என்று கேனில் அளந்து வைத்தால்தான் இந்தக் கணக்கு வரும்.

நல்லதுதானே என்று முழுக்கக் கான்சன்ட்ரேட்டாகவும் ஊற்றக்கூடாது. வெப்பத்தைத் தூக்கிச் செல்வதில் தண்ணீருக்குக் கிளைக்கால் ஈடாகாது. பாதிக்குப் பாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது தேவைப்படாது. ஆனால் 0.9 மூடியோடு சேர்ந்தால் 120 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கொதிக்கும், அதுவும் துருத் தடுப்பும்தான் நமக்கு வேண்டியது.

வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடி திறந்தபடி ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிவிடுங்கள், காற்று வெளியேறி மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் மட்டம் பார்ப்பது அவசியம்.

பழைய பிளாக்கில் ஒட்டியிருக்கும் துரு ஒரே தடவையில் போகாது. 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடியும் ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள். எனக்கு அப்போது லேசாக டீ நிறம் கண்டது, வடித்துவிட்டு இன்னொரு தடவை மாற்றினேன். அதற்கு அடுத்து எடுத்த பாட்டில் ராத்திரி முழுக்க நின்றும் அடியில் ஒன்றும் படியவில்லை.